ஒலிப்பதிவும் வனப்பறவை ஆய்வும்: ஒரு வரலாற்று நோக்கு

அடர்ந்த மழைக்காட்டிற் பறவைகளைக் கணக்கெடுக்கச் செல்பவனுக்குக் கண்ணினும் காதே பெருந்துணை. இலைச்செறிவு பறவையை மறைக்கும்; அதன் குரலை மறைப்பதில்லை. ஆயினும், கேட்டவனின் சொல் ஒன்றையே சான்றாகக் கொள்வதற்கு அறிவியல் இடந்தருவதில்லை. ஒருவர் கேட்ட குரலைப் பிறரும் கேட்டு ஒப்புநோக்கத்தக்க சான்றாக மாற்றியது ஒலிப்பதிவுக் கருவியே. அச்சான்றின் ஆற்றலையும் எல்லையையும் இரு காடுகளின் வரலாறு கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பறவைக் குரற் பதிவுகளுள் மிகப் பழையது 1889 இல் ஜேர்மனியில் எடுக்கப்பட்டதென்பர். லுட்விக் கொக் என்னும் சிறுவன், எடிசனின் கருவியில், கூண்டுப் பறவையொன்றின் பாட்டை மெழுகுருளையிற் பதிந்தான். பாடியது நம் நாட்டுக் காடுகளிலும் வாழும் சோலைபாடியே. காட்டில் திரியும் பறவைகளின் குரலைப் பதியும் முயற்சிகள் பின்னர் நடந்தன. 1929 இல் ஐக்கிய அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகத்து ஆதர் அலன் பேசும்படக் கருவிகளை அதற்குப் பயன்படுத்தினார்.

1935 இல் அலனும் அவர்தம் குழுவினரும் லூசியானா மாநிலத்தின் சிங்கர் காட்டுக்குச் சென்றனர். தையல் இயந்திரக் கம்பனியொன்றுக்குச் சொந்தமாயிருந்தமையால் அக்காடு இப்பெயர் பெற்றது. சேற்று நிலத்திற் கோவேறு கழுதைகள் இழுத்த வண்டியிற் கருவிகளை ஏற்றிச் சென்று, அருகிவந்த தந்த அலகு மரங்கொத்தியின் குரலைப் பதிந்தனர். குழுவிலிருந்த ஜேம்ஸ் ரனர் 1937 முதல் 1939 வரை அப்பறவையை ஆராய்ந்து, முதுமரங்கள் நிறைந்த காடின்றி அது வாழாதெனக் காட்டினார். ஆயினும் மரம் வெட்டுதல் நிற்கவில்லை. ஐயமின்றி ஏற்கப்படும் இறுதிக் காட்சி 1944 இற்குரியது. 2004 இல் ஆர்க்கன்சோவில் அப்பறவை தென்பட்டதாகச் செய்தி வந்தபோது, சதுப்புக் காடுகளில் தானியங்கு ஒலிப்பதிவுக் கருவிகள் வைக்கப்பட்டன. அவை பதிந்த ஒலிகளுக்கு 1935 ஆம் ஆண்டுப் பதிவே உரைகல்லாயிற்று. ஒத்த ஒலிகள் சில கிடைத்தும் ஐயம் தீரவில்லை.

பதிந்த குரலைக் காட்டில் ஒலிக்கச் செய்து பறவையைக் கண்டறியும் முறையும் ஈண்டு நோக்கற்பாலது. தன் எல்லைக்குட் பிறிதொரு பறவை புகுந்ததெனக் கருதி, உரிய பறவை மறுகுரல் எழுப்பும். அன்றேல் நெருங்கி வரும். ஆந்தை போன்ற இராப்பறவைகளையும் புதரில் ஒளிந்து வாழ்வனவற்றையும் அறிய இது பெரிதும் உதவும். வெப்பவலயக் காட்டாய்வில் ஒலிப்பதிவுக் கருவியின் பயனைத் தியடோர் பார்க்கர் 1991 இல் வெளியிட்ட கட்டுரை வலியுறுத்தியது. எனினும், மறுமொழி வாராமை பறவையின்மைக்குச் சான்றாகாது. அளவிறந்து ஒலித்தால், இனப்பெருக்க காலத்துப் பறவை கூட்டை விட்டு வீணே அலைவதும் நேரும்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1970களில் ஒட்டுப்பலகைத் தொழிலுக்காகச் சிங்கராஜ வனத்தில் மரங்கள் வெட்டப்பட்டன. திலோ ஹொப்மன் முதலானோர் இடையறாது எதிர்த்தனர். 1977 இல் அவ்வேலை நிறுத்தப்பட்டது. 1988 இல் அவ்வனம் உலக மரபுரிமையாயிற்று. 1995 இல் கித்துல்கலக் காட்டில், பறவைக் குரல்களை நன்கறிந்த தீபால் வாரகாகொட இன்னதென அறியாத குரலொன்றைக் கேட்டார். அறிந்த குரல்களோடு அது பொருந்தாமையே தேடலுக்குத் தொடக்கமாயிற்று. 2001 சனவரியிற் சிங்கராஜவில் அக்குரலுக்குரிய சிற்றாந்தையை அவர் கண்டார். 2004 இல் அவரும் பமேலா ராஸ்முசெனும் அதனைப் புதிய இனமாக விவரித்து, ஹொப்மனின் பெயரையே அதன் அறிவியற் பெயரில் வைத்தனர். 1868 இன் பின் இலங்கையிற் கண்டறியப்பட்ட முதற் புதுப்பறவை அதுவே.

லூசியானாவிற் பறவைக்குப் பெயரும் இருந்தது, குரற்பதிவும் இருந்தது, காடு நிலைக்கவில்லை. சிங்கராஜவிற் பறவைக்குப் பெயரில்லை, ஆனாற் காடு நிலைத்தது. பின்னர் குரல் பறவையைக் காட்டிற்று. ஒலிப்பதிவு காட்டை அறியும் கருவியேயன்றிக் காட்டுக்கு மாற்றீடன்று. இவ்வுண்மையை ஆய்வாளர் மட்டுமன்றி, காட்டின் விதியைத் தீர்மானிப்போரும் மனங்கொள்ளல் வேண்டும்.