சாலட் கலந்து பிழைத்த பிரபு

பெரிய கடைகளில் இப்போது ‘ரெட் ஒயின் வினிகர்’ என்று ஒரு பாட்டில் கிடைக்கிறது. ‘ஒயினா, வேண்டாமப்பா’ என்று எடுத்ததைத் திரும்ப வைத்துவிடுபவர்கள் நம் வயதில் நிறையப் பேர். பயம் வேண்டாம். ஒயினில் இருந்த ஆல்கஹால் புளித்து அசிட்டிக் அமிலமாக மாறிய பிறகுதான் அது வினிகர். போதை ஏறாது, பல்தான் கூசும்.

பிரெஞ்சு மொழியில் வினிகர் என்ற சொல்லுக்கே ‘புளித்த ஒயின்’ என்றுதான் பொருள். அந்த நாட்டில் லுவார் ஆற்றங்கரையில் ஓர்லியான் என்று ஒரு நகரம். படகில் வந்த ஒயின் பீப்பாய்கள் அங்கே இறங்கி, வண்டிகளில் பாரிஸுக்குப் போகும். வழியிலேயே புளித்துப்போனதை என்ன செய்வது? ஊரார் அதையே தொழிலாக்கிக்கொண்டார்கள். பீப்பாயைப் படுக்கவைத்து, காற்றுக்கு இடம் விட்டு ஒயினை நிரப்புவார்கள். சில வாரங்களில் மேலே மெல்லிய ஆடை படியும். அது கலையாமல் அடியிலிருந்து கொஞ்சம் வினிகரை எடுத்துவிட்டு, அதே அளவு புது ஒயினைச் சேர்ப்பார்கள். நம் வீட்டு உறைமோர்க் கணக்குதான். அந்த ஆடை உயிருள்ளது, அதுதான் ஒயினைப் புளிக்க வைக்கிறது என்பதை லூயி பாஸ்டர் 1867-ல் ஓர்லியானுக்கே வந்து வினிகர்க்காரர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

இந்த வினிகரில் எண்ணெய் சேர்த்து அடித்தால் ‘வினிக்ரெட்’. பச்சை இலைகளின் மேல் ஊற்றிப் பிரட்டுவது. வினிகர் ஒரு பங்கு, ஆலிவ் எண்ணெய் மூன்று பங்கு. உப்பை முதலில் வினிகரில் போட்டுக் கரைத்துவிட வேண்டும். எண்ணெயில் உப்பு கரையாது. அரைத்த கடுகு அரை ஸ்பூன் சேர்த்து, எண்ணெயைச் சிறுகச் சிறுக விட்டு அடித்தால் இரண்டும் கொஞ்ச நேரம் பிரியாமல் நிற்கும். இலைகளில் ஈரம் இருந்தால் ஒட்டாது, துணியில் ஒற்றி எடுங்கள். சாப்பிட உட்காரும்போதுதான் கலக்க வேண்டும். முன்னாலேயே கலந்தால் இலை துவண்டுபோகும்.

இவ்வளவுதான் வேலை. இதை வைத்து ஒருவர் பணக்காரர் ஆனார் என்றால் நம்புவீர்களா?

பிரெஞ்சுப் புரட்சியில் உடைமைகளை இழந்த பிரபுக்கள் பலர் லண்டனுக்கு ஓடினார்கள். அவர்களில் ஒருவர் தால்பின்யாக். அவருடைய கதையை எழுதிவைத்தவர் பிரியா-சவரான் என்ற நீதிபதி, 1825-ல் வெளிவந்த உணவைப் பற்றிய தன் புத்தகத்தில். அவரும் அதே புரட்சிக்குத் தப்பி, நியூயார்க்கில் நாடகக் கொட்டகையில் வயலின் வாசித்துப் பிழைத்தவர்தான்.

லண்டனில் ஒரு விடுதியில் தால்பின்யாக் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். பக்கத்து மேஜையில் சில பணக்கார இளைஞர்கள். ஒருவன் எழுந்து வந்து, ‘உங்கள் நாட்டவர் சாலட் செய்வதில் வல்லவர்களாமே, எங்களுக்கு ஒன்று கலந்து தருவீர்களா?’ என்று மரியாதையாகக் கேட்கிறான். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சம்மதிக்கிறார். கலந்துகொண்டே, தான் நாடிழந்து வந்தவன், ஆங்கில அரசின் உதவித்தொகையில் வாழ்கிறேன் என்று முகம் சிவக்கச் சொல்கிறார். கிளம்பும்போது ஒருவன் ஐந்து பவுண்டு நோட்டை அவர் கையில் வைத்து அழுத்துகிறான். லேசாக மறுத்துவிட்டு வாங்கிக்கொள்கிறார்.

அந்த நோட்டை வாங்கிய நிமிடம்தான் இந்தக் கதையில் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிரபு குடும்பத்துக் கை, சமையலுக்குக் கூலி வாங்குகிறது. உதவித்தொகையை விட அது அவருக்குக் கனத்திருக்குமா, இலேசாக இருந்திருக்குமா?

பிறகு குரோவ்னர் சதுக்கத்துப் பெரிய வீடொன்றிலிருந்து அழைப்பு வந்தது. அடுத்தடுத்த வீடுகளும் கூப்பிட்டன. நேரத்துக்குப் போய்ச்சேர ஒரு வண்டி வாங்கினார். கூடவே ஒரு வேலைக்காரன், அவன் கையில் மஹோகனிப் பெட்டி. அதில் வாசனையூட்டிய வினிகர்கள், வகைவகையான எண்ணெய்கள், சோயா, நெத்திலி, முட்டையின் மஞ்சள் கரு. பின்னால் அந்த மாதிரிப் பெட்டிகளைச் செய்வித்து நூற்றுக்கணக்கில் விற்றார்.

நாட்டில் அமைதி திரும்பியபோது அவர் கையில் 80,000 பிராங்குக்கு மேல் இருந்தது. அதில் 60,000-ஐ அரசுப் பத்திரங்களில் போட்டார். அன்றைக்கு அவை பாதி விலைக்குக் கிடைத்தன. மிச்சம் 20,000-க்கு சொந்த ஊர்ப் பக்கம், லிமூசானில், தோட்டத்தோடு ஒரு வீடு வாங்கிக் குடியேறினார்.