நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தொழிலாளர் சட்டமும் வழக்கறிஞர் பணியும்

மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில், போர்ட்டிக்சன் மாவட்டத்தைச் சேர்ந்த புக்கிட் பெலண்டோக், ஒரு காலத்தில் ரப்பராலும் பிறகு செம்பனையாலும் சூழப்பட்ட ஊராகும். இவ்வட்டாரத் தோட்டங்களில் தலைமுறைகளாக வாழும் தமிழ்த் தொழிலாளரின் ஊதியம், வேலைப் பாதுகாப்பு, குடியிருப்பு ஆகியவற்றை ஆளும் சட்டங்கள் 2020 முதல் பெருமளவு மாறியுள்ளன. அம்மாற்றங்களையும், அவற்றின் பயன் தொழிலாளரைச் சென்றடைய உதவக்கூடிய மாநில வழக்கறிஞர் அமைப்பையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தீபகற்ப மலேசியாவின் வழக்கறிஞர்கள் 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டத்தின்கீழ் மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் உறுப்பினராவர். சபாவுக்கும் சரவாக்கிற்கும் தனித்தனி அமைப்புகள் உள்ளன. மலேசிய மன்றம் 12 மாநில மன்றங்களாகப் பிரிந்து செயல்படுகிறது. 38 பேர் கொண்ட அதன் ஆட்சிக்குழுவில் ஒவ்வொரு மாநில மன்றத்தின் தலைவரும், அம்மன்றம் தேர்ந்தெடுக்கும் ஒரு பேராளரும் இடம்பெறுவதால், சிரம்பானிலிருந்து இயங்கும் நெகிரி செம்பிலான் வழக்கறிஞர் மன்றத்தின் குரல் கோலாலம்பூர் வரை நேரடியாகச் செல்கிறது. வசதியற்றவர்களுக்குச் சட்ட உதவி கிடைக்கச் செய்வதையும் மன்றத்தின் நோக்கங்களுள் ஒன்றாக அச்சட்டம் குறிப்பிடுகிறது. மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் அதன் அடிப்படையிலேயே நடைபெறுகின்றன. அரசின் சட்ட உதவித் துறை இவற்றிலிருந்து வேறானது; அது 1971ஆம் ஆண்டு சட்ட உதவிச் சட்டத்தின்கீழ் இயங்குகிறது.

புக்கிட் பெலண்டோக்கின் பெயரை உலகம் அறிந்தது 1999இல்தான். முந்தைய ஆண்டின் பிற்பகுதியில் பேராக் மாநிலத்தின் கிந்தா வட்டாரத்தில் தொடங்கிய மூளையழற்சி நோய், பன்றி வாணிகத்தின் வழியாக இப்பகுதிக்கு வந்து பரவியது. மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1999 மார்ச்சில் கண்டறிந்த புதிய நச்சுயிரிக்கு, அருகிலுள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால் நிப்பா என்று பெயரிடப்பட்டது. மலேசியாவில் 265 பேர் நோயுற்றனர். அவர்களில் 105 பேர் இறந்தனர். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. தென்கிழக்காசியாவின் மிகப்பெரிய பன்றி வளர்ப்புப் பகுதிகளுள் ஒன்றாக இருந்த இடத்தில் அத்தொழிலே ஒழிந்துபோனது. சில வாரங்களில் ஓர் ஊரின் முழு வாழ்வாதாரமும் மறைந்துவிடக்கூடும் என்பதைக் கண்ட இவ்வட்டாரத்தில், வேலை இழப்பவருக்குச் சட்டம் என்ன தருகிறது என்பது ஏட்டுக் கேள்வியன்று.

அக்கேள்விக்கு முதல் விடை 1980ஆம் ஆண்டு பணிமுடிப்பு, ஆட்குறைப்பு இழப்பீட்டு விதிமுறைகளில் உள்ளது. குறைந்தது 12 மாதங்கள் தொடர்ந்து பணியாற்றியவரை அவருடைய குற்றமின்றி வேலையிலிருந்து நிறுத்தினால், பணிக்காலம் இரண்டு ஆண்டுக்குக் குறைவாயின் ஆண்டுக்கு 10 நாள் கூலியும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள்ளாயின் 15 நாள் கூலியும், ஐந்தாண்டும் அதற்கு மேலுமாயின் 20 நாள் கூலியும் தரப்பட வேண்டும். இருபது ஆண்டுகள் பால்மரம் வெட்டியோ செம்பனைக் குலை அறுத்தோ உழைத்த ஒருவருக்கு இது 400 நாள் கூலியாகும். வேலை முடிந்த ஏழு நாளுக்குள் அத்தொகை அவர் கைக்கு வந்தாக வேண்டும். தோட்டம் கைமாறும்போது, புதிய உரிமையாளர் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை தருவதாக ஏழு நாளுக்குள் சொல்லாவிட்டால், தொழிலாளர் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவராகவே கருதப்படுவார். தாமாக விலகுபவருக்கு இவ்விழப்பீடு இல்லை. ஆகவே, தோட்டம் விற்கப்படும் வேளையில் நீட்டப்படும் எந்தத் தாளிலும், அது விலகல் கடிதமா பணிமுடிப்பு அறிவிப்பா என்று படித்துப் பார்க்காமல் கையொப்பமிடுவது, இருபதாண்டு உழைப்பின் பயனை ஒரே நொடியில் கைவிடுவதாக முடியக்கூடும்.

1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ளன. வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. மகப்பேறு விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தந்தையருக்கு ஏழு நாள் விடுப்பு கிடைத்தது. கட்டாய உழைப்பு ஒரு தனிக் குற்றமாக்கப்பட்டு, ஒரு இலட்சம் ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழி செய்யப்பட்டது. தோட்டப்புறத்தைப் பொறுத்தவரை இவற்றைக் காட்டிலும் ஆழமானது, வேலையுறவு பற்றிய ஊகம் என்னும் புதிய பிரிவு. எழுத்து ஒப்பந்தம் இல்லாத நிலையில், ஒருவரின் வேலை முறையையோ நேரத்தையோ மற்றொருவர் கட்டுப்படுத்தினாலும், கருவிகளை வழங்கினாலும், வேலைக்குக் கூலியாகக் குறித்த காலங்களில் தரும் பணமே அவர் வருமானத்தின் பெரும்பகுதியாக இருந்தாலும், மறுப்பதற்குச் சான்று காட்டப்படும் வரை அவர் தொழிலாளராகவே கொள்ளப்படுவார். குத்தகையாளரின்கீழ் குலை அறுப்பவரை ‘எங்கள் ஆள் இல்லை’ என்று கைகழுவுவது நெடுநாள் வழக்கமாக இருந்த துறையில், மெய்ப்பிக்கும் சுமையை இப்பிரிவு எதிர்த்தரப்புக்கு மாற்றியது நியாயமான செயலே. ஆயினும் காலையில் பெரட்டில் (வருகைக் கணக்கெடுப்பில்) பதிந்த வருகை, மண்டோர் (மேற்பார்வையாளர்) எழுதித் தந்த குலைக் கணக்குச் சீட்டு, சம்பளச் சீட்டு முதலியவற்றைப் பத்திரப்படுத்தியவருக்கே அதன் முழுப் பயன் கிட்டும்.

குறைந்தபட்ச ஊதியம் 2013இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கி, 2022 மே மாதத்தில் 1,500 ஆகவும், 2025 பிப்ரவரியில் 1,700 ஆகவும் உயர்ந்தது. ஐந்துக்கும் குறைவான ஊழியரை வைத்திருக்கும் முதலாளிகளுக்கு இது 2025 ஆகஸ்டில் நடப்புக்கு வந்தது. டன் கணக்கிலும் துண்டு வேலைக் கணக்கிலும் கூலி பெறுபவரின் மாத வருமானமும் இத்தொகைக்குக் குறையக்கூடாது என்பது ஆணையின் தெளிவான விதி. சங்கங்களைப் பொறுத்தவரை, 2024 செப்டம்பர் 15 முதல் நடப்பிலுள்ள தொழிற்சங்கச் சட்டத் திருத்தம் ஒரே துறையில் பல சங்கங்கள் அமைய வழிவிட்டுள்ளது. 1954 முதல் தோட்டத் தொழிலாளரின் பெரிய அமைப்பாக விளங்கும் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்திற்கு இது புதிய சூழலாகும்.

நியாயமான காரணமின்றி வேலைநீக்கம் செய்யப்பட்டவர் செல்லும் வழி வேறு. 1967ஆம் ஆண்டு தொழிலியல் உறவுச் சட்டத்தின்படி, அவர் வேலைநீக்கத்திலிருந்து 60 நாளுக்குள் தொழிலியல் உறவுத் துறையில் முறையிட வேண்டும். சமரசம் கைகூடாத வழக்கைத் தொழிலியல் நீதிமன்றத்திற்கு அனுப்புவதா இல்லையா என்பதை முன்பு அமைச்சர் முடிவு செய்தார். 2021 ஜனவரி 1 முதல் துறைத் தலைமை இயக்குநரே அதை நேரடியாக அனுப்புகிறார். நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யும் உரிமையும் அப்போதே வந்தது. சமரசக் கட்டத்தில் வழக்கறிஞர் தோன்ற இயலாது. நீதிமன்றக் கட்டத்தில் அனுமதி பெற்றுத் தோன்றலாம். ஆகையால் வழக்கறிஞரின் பயன் சமரசத்திற்கு முன்பே தொடங்குகிறது: முறையீட்டைச் சரியாக எழுதித் தருவதும், நாள் தவறாமல் பதிவு செய்ய வைப்பதும் அவர் ஆற்றக்கூடிய முதல் உதவியாகும்.

எல்லாவற்றிலும் சிக்கலானது வீட்டுப் பிரச்சினை. 1990ஆம் ஆண்டுக் குடியிருப்பு, வசதிகள் சட்டம் தோட்ட முதலாளி தரும் வீடுகளுக்குத் தூய குடிநீர், மின்சாரம் போன்ற குறைந்தபட்ச வசதிகளை வலியுறுத்துகிறது. 2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள இச்சட்டம், பிற துறைகளின் தொழிலாளர் விடுதிகளையும் உள்ளடக்கியது. வீடு எவ்வாறு இருக்க வேண்டும் என்று இது கூறுகிறதே தவிர, வேலை முடிந்தபின் அவ்வீட்டின்மீது தொழிலாளருக்கு உரிமை தரவில்லை. லயத்து வீட்டில் (தோட்டத்து வரிசை வீட்டில்) குடியிருப்பவர், வேலையோடு பிணைந்த அனுமதியின் பேரில் வாழ்பவராகவே சட்டத்தின் கண்ணுக்குத் தெரிகிறார். வேலை போனால் அனுமதியும் போகிறது. அதன்பின் நிலவுடைமையாளர் 2012ஆம் ஆண்டு நீதிமன்ற விதிகளின் 89ஆம் கட்டளையைப் பயன்படுத்தி, முழு விசாரணையின்றி, சத்தியக் கடிதங்களை மட்டும் கொண்டு நிலத்தை மீட்கும் சுருக்க வழக்கைத் தொடுக்க முடியும். இவ்வழக்கில் குடியிருப்போரின் பெயர் தெரியாவிட்டாலும் அழைப்பாணை பெறலாம். பாட்டன் காலம் முதல் வாழ்ந்த குடும்பத்திற்குக் கதவில் ஒட்டப்பட்ட ஒரு தாளே முதல் செய்தியாக வந்து சேரக்கூடும். குடியிருப்பவர் தரப்பில் எதிர்ச் சத்தியக் கடிதம் தாக்கல் செய்து, முதலாளி அளித்த வாக்குறுதியையும், அதை நம்பிச் செய்த செலவையும் எடுத்துக்காட்டி, விசாரணைக்குரிய விவகாரம் இருப்பதாக நிறுவுவதே வழக்கறிஞரின் வேலை. இதில் காலதாமதம் பொறுக்கப்படுவதில்லை.

தோட்டம் விற்கப்படுவதற்கு முன்பே ஒரு தடுப்பு உண்டு. தேசிய நிலச் சட்டத் தொகுப்பின் 214ஏ பிரிவின்படி, 40 ஹெக்டேருக்குக் குறையாத தோட்ட நிலத்தை மாநிலத் தோட்ட நில வாரியத்தின் முன் அனுமதியின்றி மாற்றுவது செல்லாது. 1950களில் வெளிநாட்டு உரிமையாளர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது பல தொழிலாளர் வேலையும் வீடும் இழந்தனர். அதைப் பொருளியல் அறிஞர் உங்கு அசிஸ் 1951 முதல் 1960 வரையிலான துண்டாடலைப் பற்றிய ஆய்வில் பதிவு செய்தார். அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம், தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்கியது இதே இடருக்கான மறுமொழியாகும். எனினும் வாரியத்தின் அனுமதி லயத்தில் குடியிருப்பவருக்குத் தானாக வீட்டுரிமை தருவதில்லை. இக்குறையைச் சட்டத் திருத்தத்தின் மூலமே களைய முடியும். அதற்கு நாடாளுமன்ற உறுப்பினர்களும் வழக்கறிஞர் மன்றமும் ஒருசேரக் குரல் கொடுப்பது காலத்தின் தேவை.

வேலைநீக்கக் கடிதம் பெற்ற தோட்டத் தொழிலாளர், 60 நாள் காலக்கெடு முடியும் முன்பே, சம்பளச் சீட்டுகளையும் அக்கடிதத்தையும் எடுத்துக்கொண்டு சட்ட உதவி மையத்தையோ தொழிற்சங்கத்தையோ அணுக வேண்டும்.