சொந்தமாகச் சம்பாதிக்கும் இயந்திரங்கள்

வங்கியில் கணக்குத் தொடங்கப் பெயர் வேண்டும், முகவரி வேண்டும், கையெழுத்து வேண்டும். கணக்கு வைப்பவர் சட்டத்தின் பார்வையில் ஒரு மனிதராகவோ நிறுவனமாகவோ இருக்க வேண்டும். இயந்திரத்துக்கு அங்கே இடமில்லை. 2009 ஜனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்காயின் இவை எதையும் கேட்கவில்லை. ரகசியச் சாவி எனப்படும் நீண்ட எண் எவரிடம் இருக்கிறதோ அவர் அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம். அந்த எண்ணை ஒரு கணினி நிரலும் வைத்துக்கொள்ளலாம் என்பதைச் சிலர் சீக்கிரமே கவனித்தார்கள்.

அவர்களில் ஒருவர் மைக் ஹெர்ன் என்ற பிட்காயின் நிரலாளர். 2013 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த டியூரிங் விழாவில் அவர் ஒரு வாடகைக் காரைப் பற்றிப் பேசினார். அதற்கு ஓட்டுநரும் இல்லை, உரிமையாளரும் இல்லை. பயணிகள் தரும் கட்டணத்திலிருந்து எரிபொருளுக்கும் பழுதுபார்ப்புக்கும் அது தானே பணம் கட்டும். மிச்சம் சேர்ந்தால் இன்னொரு காரை வாங்கித் தெருவில் விடும். லாபம் எடுக்க முதலாளி இல்லாததால் கட்டணம் குறையும் என்பது அவர் கணக்கு. பொதுமக்களை ஏற்றிச் செல்லும் ஓட்டுநரில்லாக் கார்கூட அன்று சந்தையில் கிடையாது.

கற்பனையைச் சாதனமாக்கும் முயற்சிகள் 2015இல் வரிசையாக வந்தன. அந்த ஜனவரியில் ஐபிஎம், சாம்சங் இரண்டும் சேர்ந்து 'அடெப்ட்' என்ற சோதனைத் திட்டத்தை வெளியிட்டன. அதில் ஒரு சலவை இயந்திரம் சோப்புத்தூள் தீரப்போவதைத் தானே கண்டறிந்து, கடைக்கு ஆர்டர் அனுப்பி, பணமும் செலுத்தி, வீட்டுக்காரரின் கைப்பேசிக்குத் தகவல் சொல்லும். அது விற்பனைக்கு வரும் பொருளாக வளரவில்லை. ஜூலையில் எத்தீரியம் என்ற வலையமைப்பு தொடங்கியது. நிபந்தனை நிறைவேறினால் பணத்தைத் தானே கைமாற்றும் 'ஸ்மார்ட் கான்ட்ராக்ட்' நிரல்களை எவரும் அதில் எழுதி ஓடவிடலாம். நவம்பரில் லண்டனில் கூடிய எத்தீரியம் மாநாட்டில் ஸ்லாக்.இட் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் கிறிஸ்டோஃப் யென்ட்ஷ், எத்தீரியத்தின் நாணயமான ஈதரைச் செலுத்தினால் திறக்கும் பூட்டைப் பற்றி விளக்கி, மேடையிலேயே ஒரு தேநீர்க் கெட்டிலையும் இயக்கிக் காட்டினார்.

அந்தப் பூட்டுக்கு முதல் தேடப் போய்த்தான் பெரிய விபத்து நடந்தது. ஸ்லாக்.இட் குழுவினர் 'தி டிஏஓ' என்ற கூட்டு நிதியை நிரலாக எழுதினார்கள். மேலாளர் கிடையாது, நிதியின் பங்கு போன்ற 'டோக்கன்' வாங்கியவர்கள் வாக்களித்துப் பணத்தை எதில் போடுவது என்று தீர்மானிப்பார்கள். 2016 ஏப்ரல் கடைசியில் தொடங்கிய விற்பனையில் சுமார் 15 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் குவிந்தது. நிரலில் ஓர் ஓட்டை இருந்தது: கேட்டவருக்குப் பணத்தை முதலில் அனுப்பிவிட்டு, அதன் பிறகே அவர் கணக்கில் கழித்தது. கழிப்பதற்குள் மறுபடி கேட்டால் மறுபடி கொடுத்தது. ஜூன் 17 அன்று ஒருவர் இப்படிக் கேட்டுக் கேட்டே 36 லட்சம் ஈதரை வெளியே எடுத்தார். ஜூலை 20 அன்று எத்தீரியத்தின் பரிமாற்றங்களைக் குறித்து வைக்கும் பதிவேடே பிரிக்கப்பட்டு, பணம் உரியவர்களுக்குத் திரும்பும்படி செய்யப்பட்டது. இதை ஏற்காதவர்கள் பழைய பதிவேட்டை 'எத்தீரியம் கிளாசிக்' என்ற பெயரில் தொடர்ந்தார்கள். மனிதத் தலையீடு வேண்டாம் என்று கட்டிய அமைப்பை மனிதர்கள் கூடிப் பேசித்தான் காப்பாற்ற வேண்டியிருந்தது.

அடுத்த சிக்கல் கட்டணம். ஓர் இயந்திரம் இன்னொன்றுக்குக் கால் ரூபாய் கொடுக்க நினைத்தால், அனுப்பும் செலவு அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். 2017 டிசம்பரில் பிட்காயினில் ஒரு பரிமாற்றத்தின் சராசரிக் கட்டணம் சில நாட்கள் 50 டாலரைத் தாண்டியது. ஐயோட்டா என்ற மற்றொரு மின்னணு நாணயம் கட்டணமே இல்லாத ஏற்பாட்டை முன்வைத்தது: பணம் அனுப்பும் ஒவ்வொருவரும் தமக்கு முந்தைய இரண்டு பரிமாற்றங்களைச் சரிபார்த்தால் போதும். 2019இல் ஜாகுவார் லேண்ட் ரோவர் அயர்லாந்தின் ஷானனில் இதைச் சோதித்தது. சாலைக் குழியையும் நெரிசலையும் பற்றித் தகவல் தரும் கார் டோக்கன் சம்பாதிக்கும். அதைக் கொண்டே சுங்கமும் நிறுத்தக் கட்டணமும் செலுத்தும். ஆனால் ஐயோட்டாவில் எந்தப் பரிமாற்றம் உறுதியானது என்று முத்திரை குத்தியது அதன் அறக்கட்டளை நடத்திய 'கோஆர்டினேட்டர்' என்ற ஒரே நிரல். 2020 பிப்ரவரியில் பயனர்கள் சாவிகளை வைத்திருக்கும் 'வாலட்'டுகளில் திருட்டு நடந்தபோது அறக்கட்டளை கோஆர்டினேட்டரை நிறுத்தியது. ஏறக்குறைய ஒரு மாதம் எந்தப் பரிமாற்றமும் உறுதியாகவில்லை. மையமில்லாப் பொருளாதாரம் என்ற பேச்சுக்கு இதைவிடக் கூர்மையான மறுப்பு வேண்டியதில்லை.

சந்தையின் இரைச்சலுக்கு வெளியே, ஆய்வகங்களில்தான் டோக்கன் உருப்படியான வேலை செய்தது. ரோபோக் கூட்டங்களை ஆராயும் பிரஸ்ஸல்ஸ் குழு ஒன்று, கறுப்பும் வெள்ளையுமான கட்டங்கள் பதித்த தரையில் சிறு ரோபோக்கள் திரிந்து வெள்ளையின் விகிதத்தைக் கணிக்கும் சோதனையை வைத்தது. ஒன்றிரண்டு ரோபோக்கள் பழுதாகியோ, வேண்டுமென்றோ பொய்க் கணக்குச் சொன்னாலும் கூட்டத்தின் முடிவு கெட்டுவிடும். வோல்கர் ஸ்ட்ரோபெல், மார்கோ டோரிகோ உள்ளிட்டோர் 2023இல் வெளியிட்ட ஆய்வின் தீர்வு பணயம். தகவல் தரும் ரோபோ டோக்கன் கட்ட வேண்டும். அது மற்றவற்றின் கணிப்போடு ஒத்துப்போனால் வெகுமதியோடு திரும்பும், விலகினால் போய்விடும். பொய் சொல்லும் ரோபோ சீக்கிரமே கையிருப்பு தீர்ந்து வாயடைத்துப்போகும். 24 நிஜ ரோபோக்கள் வரை வைத்து இது சோதிக்கப்பட்டது. இங்கே டோக்கனுக்குச் சந்தை விலையே தேவைப்படவில்லை.

ஹெர்ன் சொன்ன காருக்கு மிக நெருங்கி வந்தது 'ககா-சூ' என்ற ரோபோக் கை. தானே தேர்ந்த ஒரு சொல்லை ஜப்பானிய எழுத்துகளில் கேன்வாஸில் தீட்டி, எத்தீரியம் நிரல் வழியே ஏலத்துக்கு விடும். வந்த வருமானத்தில் ஓவியக் கடையில் அடுத்த படத்துக்கான பொருட்களை வாங்கும். தொடக்கத்தில் முதல் போட்டவர்களுக்கும் திருப்பிக் கொடுக்கும். ஆறு மாதச் சோதனையில் விற்றவை நான்கு படங்கள்.

சட்டம் இன்னும் இடம் தரவில்லை. ரோபோக்களுக்கு 'மின்னணு நபர்' என்ற தகுதி தருவதை ஆராயலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2017 பிப்ரவரியில் தீர்மானம் போட்டது. மறு ஆண்டே 150க்கும் மேற்பட்ட வல்லுநர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினார்கள். இயந்திரங்கள் பணம் செலுத்தும் முறை மட்டும் வேறு வழியில் நகர்ந்திருக்கிறது. இணையத்தின் எச்டிடிபி விதிகளில் 'பணம் செலுத்த வேண்டும்' என்ற 402 எண் 1990களிலேயே ஒதுக்கப்பட்டுப் பயனற்றுக் கிடந்தது. 2025 மே மாதம் காயின்பேஸ் என்ற கிரிப்டோ நாணயச் சந்தை நிறுவனம் அதை மீட்டு, மென்பொருள் முகவர்கள் மனிதர் குறுக்கிடாமல் பணம் செலுத்தும் 'எக்ஸ்402' முறையை அறிவித்தது. அதில் முக்கியமாகப் புழங்குவது டாலர் மதிப்போடு கட்டிய யுஎஸ்டிசி என்ற நாணயம். வாலட்டின் சாவி இயந்திரத்திடம் இருந்தாலும், சட்டப்படி அந்தப் பணம் இயந்திரத்தை இயக்கும் மனிதருக்கோ நிறுவனத்துக்கோதான் சொந்தம்.