அம்மாவின் வார்த்தையும் ஓர் அளவுகோல்

பிள்ளைத்தமிழ் நடத்தும்போது அதை ஓர் அளவுகோலாகவும் வாசிக்கும்படி மாணவிகளிடம் சொல்வேன். ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று பாட்டியல் நூல்கள் குழந்தைக்கு மாதக்கணக்கு வகுத்தன. முதல் ஏழு பருவங்கள் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில் அவனுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். அவளுக்கு அம்மானை, நீராடல், ஊசல். குழந்தை எப்படி வளர்கிறது என்று சொல்லும் பட்டியல், எப்படி வளர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டு அறிவியலின் பட்டியல்களும் அப்படித்தான். 1911இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆய்வகம் தொடங்கிய ஆர்னால்டு கெசல், நியூ ஹேவன் நகரத்து நடுத்தர வர்க்க வெள்ளையினக் குழந்தைகளைக் கவனித்து, எந்த வயதில் எது வர வேண்டும் என்று வகுத்தார். 1967இல் வந்த டென்வர் சோதனைக்கு அந்த நகரின் 1,036 குழந்தைகள் அடிப்படை. மூன்று சக்கர சைக்கிளை மிதிக்கிறதா என்பதும் அதில் ஒன்று. சைக்கிள் வாங்க முடியாத வீட்டில் அந்தக் கேள்வி அளப்பது வருமானத்தை.

இந்த வரலாற்றில் நாம் மறக்கக் கூடாத பெண் நான்சி பெய்லி. 1928இல் பெர்க்லியில் தொடங்கிய ஆய்வில் அதே குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார். கைக்குழந்தைப் பருவத்து மதிப்பெண்ணை வைத்துப் பிற்கால அறிவுத்திறனைக் கணிக்க முடியாது என்பதை 1930களிலேயே கண்டு எழுதினார். 1969இல் வெளியான அவருடைய அளவுகோல் உலகெங்கும் போனது. அவருடைய எச்சரிக்கை அவ்வளவு தூரம் போகவில்லை.

பெய்லியின் அளவுகோலுக்கு, பிரமிளா பாடக் பரோடா குழந்தைகளைக் கொண்டு இந்திய அளவுகளைக் கண்டார். அதிலிருந்து 17 செயல்களை மட்டும் பொறுக்கி, இரண்டு வயதுவரையான குழந்தைகளுக்காக 1991இல் திருவனந்தபுரம் அட்டவணை வந்தது. பெய்லி சோதனைக்குத் தேர்ந்த நிபுணரும் ஒரு பெட்டிப் பொருட்களும் நிறைய நேரமும் வேண்டும். இந்த அட்டவணையைப் பயிற்சி பெற்ற களப்பணியாளர் சில நிமிடங்களில் முடித்துவிடலாம். ஒரு பிள்ளைக்கு மருத்துவம் தேடும் கருவி வேறு. ஒரு மாவட்டத்தின் பிள்ளைகள் எல்லோரையும் பற்றி அறியும் கருவி வேறு. ஒன்றை மற்றதாகப் பயன்படுத்தும் இடத்தில்தான் அநீதி தொடங்குகிறது.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட கருவியை முதலில் வங்கதேசம், பாகிஸ்தான், தான்சானியா நாடுகளில் சோதித்தார்கள். குழந்தையைச் செய்யவைத்துப் பார்ப்பது அதன் ஒரு வடிவம். வளர்ப்பவரைக் கேட்டு நிரப்புவது இன்னொன்று. அந்தப் பதிலைச் சொல்பவர் பெரும்பாலும் அம்மாதான். “உனக்கென்ன தெரியும்” என்று ஒதுக்கப்பட்ட அவள் வார்த்தை இப்போது தரவாகிறது. இது சிறிய மாற்றமில்லை. ஆனால் அவள் சொன்ன பதிலே அவள் வளர்ப்புக்கான குற்றப்பத்திரிகையாகவும் மாறலாம். கேள்வித்தாளுடன் வீடு வீடாகப் போகும் வேலை அங்கன்வாடிப் பணியாளரின் தலையில் விழுந்தால், அதுவும் ஒரு பெண்ணின் உழைப்பு. 1975இல் தொடங்கிய திட்டத்தில் அவருக்குக் கிடைப்பது இன்றும் சம்பளம் அல்ல, மதிப்பூதியம்.

ஆகவே, இத்தனை சதவீதக் குழந்தைகள் வளர்ச்சியில் பின்தங்கியுள்ளார்கள் என்ற வரியைப் படிக்கும்போது கேளுங்கள்: எந்த ஊர்ப் பிள்ளைகளை வைத்து இந்த அளவை வகுத்தார்கள்? யாரிடம் கேட்டார்கள்? கேட்டு எழுதியவருக்கு என்ன கூலி? அந்த எண் அந்தத் தெருவுக்கு ஒரு சிகிச்சையாளராகத் திரும்பி வருமா, அம்மாக்களுக்கு ஓர் அறிவுரைக் கூட்டமாக வருமா?