வட்டின் முதுகில் எழுதிய பெயர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். காபியை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்ற பாடகியின் பாட்டைப் பதிவு செய்தார்கள். லண்டன் கிராமபோன் கம்பெனிக்காக பிரெட் கைஸ்பெர்க் என்பவர் இந்தியாவுக்கு வந்து எடுத்த பதிவுகளில் அதுவும் ஒன்று. மூன்று நிமிடத்துக்குள் பாட்டை முடித்துவிட்டு, கடைசியில் ஆங்கிலத்தில் "என் பெயர் கௌஹர் ஜான்" என்று உரக்கச் சொல்வார் அந்த அம்மா. இப்போது கேட்பவர்களுக்கு அது ஏதோ பெருமை அடித்துக்கொள்வது போலப் படும். அது பெருமைக்காக அல்ல. பாட்டைப் பதித்த மூலத்தட்டு கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவர் நகரத்துத் தொழிற்சாலைக்குப் போகும். அங்கே தட்டு அடிக்கிறவருக்கு இந்துஸ்தானியும் தெரியாது, வங்காளமும் தெரியாது. எந்தத் தட்டில் யார் பெயரைப் போடுவது என்று அவருக்குத் தெரியவேண்டும். அதற்காகப் பாடியவரே பெயரைச் சொல்லிவிடுவது. 1908இல் கல்கத்தா சியால்டாவிலேயே தொழிற்சாலை வந்த பிறகு நிலைமை மாறியது.

அதற்கும் முன்னால், இசைத்தட்டைக் கண்டுபிடித்த எமில் பெர்லினரின் ஆரம்பகாலத் தட்டுகளில் காகித லேபிளே கிடையாது. நடுவில் தட்டின் மேலேயே பெயரைக் கீறி வைத்திருப்பார்கள். காகித வட்டத்தை ஒட்டும் வழக்கம் 1900ஐ ஒட்டித்தான் வந்தது. நம் வீடுகளில் பார்த்த நாய் படம் போட்ட தட்டெல்லாம் அதற்குப் பிந்தியவை.

இதையெல்லாம் இப்போது கிளற ஒரு காரணம் உண்டு. போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். "சார், டிவிடி ரைட்டர்ல டேட்டா நல்லா எழுதுது, மேல பேர் மட்டும் எழுத மாட்டேங்குது" என்றார். எனக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகுதான் லைட்ஸ்கிரைப் ஞாபகம் வந்தது. அவருடைய அப்பா எங்கள் அனகாபுத்தூரில் தறி நெய்தவர். நைஜீரியாவுக்குப் போன மெட்ராஸ் கட்டம் போட்ட துணியை, அதாவது 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்' என்று பெயர்பெற்ற துணியை நெய்த தலைமுறை. பாவு ஓட்டுவது, சாயம் போடுவது, கூலி, சண்டை, சங்கம் என்று அவர் பேசியதையெல்லாம் மகன் பதிந்து ஒன்பது வட்டுகளில் வைத்திருக்கிறார். அப்பா இப்போது இல்லை. எந்த வட்டில் எந்தப் பேச்சு என்பது வட்டின் முதுகில் லேசரால் எழுதிய தலைப்பில் மட்டும்தான் இருக்கிறது. அந்த எழுத்து மங்கிக்கொண்டு வருகிறது. அதன் மேலேயே மறுபடி எழுதிக் கறுப்பாக்க வேண்டும் என்று பார்த்தால், ரைட்டர் மறுக்கிறது.

சிடி கடைக்கு வந்தது 1982இல். வீட்டில் நாமே எழுதிக்கொள்ளும் வட்டு 1990களில் வந்தது. கடையில் வாங்கும் பாட்டு சிடியில் பெயர் அச்சிட்டு இருக்கும். நாம் எழுதும் வெற்று வட்டில் என்ன இருக்கும்? மார்க்கர் பேனாதான். பர்மா பஜாரில் திருட்டு விசிடி மலைபோல் குவிந்திருந்த காலம் ஞாபகம் இருக்கும். படத்தின் பெயரைப் பேனாவால் கிறுக்கி, எழுத்துப்பிழையோடு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுப்பார்கள். (2004இல் தமிழ்நாடு அரசு வீடியோ திருட்டுக்காரர்களையும் குண்டர் சட்டத்தில் சேர்த்தது. 2007இல் மோசர் பேர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்க ஆரம்பித்தது. இரண்டில் எது திருட்டு வட்டை அதிகம் ஒடுக்கியது என்று கேட்டால் நான் 28 ரூபாய்க்குத்தான் ஓட்டுப் போடுவேன்.)

மார்க்கரில் ஒரு சங்கடம் உண்டு. சிடி 1.2 மில்லிமீட்டர் தடிமன். கீழே பளபளக்கும் பக்கம்தான் நுணுக்கமானது என்று எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் பதிவு இருக்கும் படலம் மேல்பக்கத்தில், லேபிளுக்கு அடியிலேயே, மெல்லிய அரக்குப் பூச்சுக்குக் கீழே இருக்கிறது. பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதினால் பாட்டின் மேலேயே கோடு கிழித்த மாதிரி. டிவிடியில் படலம் இரண்டு 0.6 மில்லிமீட்டர் தகடுகளுக்கு நடுவில் இருப்பதால் கொஞ்சம் தேவலை. சரி, ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றால் அதுவும் ஆபத்து. 52 மடங்கு வேகத்தில் சிடி நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுவரை சுற்றும். ஒரு மயிரிழை கோணலாக ஒட்டினாலும் டிரைவ் தடதடவென்று ஆடும். சூட்டில் பசை இளகினால் வட்டு உள்ளேயே மாட்டிக்கொள்ளும். கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

எழுதும் லேசராலேயே பெயரையும் எழுதினால் என்ன என்று முதலில் செய்து காட்டியது யமஹா, 2002இல். வட்டின் கீழ்ப்பக்கத்தில், பதிவு போக மிச்சமிருக்கும் இடத்தில் படம் வரையும். வட்டு நிறையப் பதிந்துவிட்டால் பெயருக்கு இடம் இல்லை! அடுத்து வந்தது ஹெவ்லெட் பேக்கார்டு. அங்கே பொறியாளராக இருந்த டேரில் ஆண்டர்சனின் யோசனை அது. மேல்பக்கத்தில் ஒரு சாயத்தைப் பூசிவிடுவது. பதிவு முடிந்ததும் வட்டைக் கவிழ்த்துப் போட்டால், சிடி எழுதும் அதே 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர் அந்தச் சாயத்தைச் சுட்டுக் கறுப்பாக்கும். 2004 ஜனவரியில் அறிவித்தார்கள், அடுத்த ஆண்டு கடைகளில் வந்தது. முதலில் வெளிர்பொன் நிறம் மட்டும், பிறகு சிவப்பு, நீலம், பச்சை என்று வந்தன. முழுப்படம் என்றால் அரைமணி நேரம்கூட ஆகும். பெயர் மட்டும் என்றால் சில நிமிடம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சாதாரண வட்டைவிட விலை அதிகம் சொல்வார்கள். அதனால் கல்யாணம், காதுகுத்து, ஆண்டு விழா என்று முக்கியமானதற்குத்தான் வாங்குவோம்.

டேட்டா எழுதுகிறது, பெயர் எழுதவில்லை என்பது எப்படி என்ற கேள்விக்கு இப்போது வருவோம். லேசர் ஒன்றுதானே? லேசர் ஒன்றுதான். ஆனால் வழி வேறு.

வெற்று வட்டின் கீழ்ப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத சுருள் தடம் ஒன்று தொழிற்சாலையிலேயே போடப்பட்டிருக்கும். இரட்டைக்கோடு நோட்டு மாதிரி. லேசர் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு எழுதும். மேல்பக்கத்தில் அப்படித் தடம் கிடையாது, கோடு போடாத தாள். எங்கே ஆரம்பிப்பது, வட்டு இப்போது எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று எப்படித் தெரியும்? அதற்காக வட்டின் நடுத்துளையைச் சுற்றி ஒரு வளையத்தில் கடிகார முள் கோடுகள்போல நெருக்கமாகக் கோடு அடித்திருப்பார்கள். இது எந்த வகை வட்டு என்ற குறியும் அங்கேயே இருக்கும். டிரைவுக்குள் அந்த வளையத்தை மட்டும் பார்க்க ஒரு சின்ன விளக்கும் சென்சாரும் தனியாக உண்டு. டேட்டா எழுதும்போது அந்தக் கண்ணுக்கு வேலையே இல்லை. அதில் தூசி படிந்தால் பாட்டு எழுதுவது நிற்காது, பெயர் எழுதுவது மட்டும் நிற்கும்.

இந்த ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானே வரும். வட்டைக் கவிழ்த்துப் போட்டோமா என்று முதலில் பாருங்கள். நிறைய பேர் இங்கேதான் தவறுவார்கள். வட்டு லைட்ஸ்கிரைப் வட்டுதானா, ரைட்டரின் முகப்பில் அதற்கான சின்னம் இருக்கிறதா என்பது அடுத்தது. பிறகு நடு வளையத்தை மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும். நாம் வட்டைத் தூக்குவதே நடுத்துளையில் விரலை விட்டுத்தான், எண்ணெய்ப் பிசுக்கு சேரும் இடமும் அதுவே. டிரைவின் உள்ளே அந்தச் சின்னக் கண்மேல் காற்று ஊதும் பல்பால் ஊதலாம். வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும்.

தூசி போனபின்னும் எழுதவில்லை என்றால் கோளாறு கம்ப்யூட்டரில். படம் வரையும் மென்பொருள் வேறு, அந்தப் படத்தை ரைட்டருக்கு எடுத்துச்சொல்லும் மென்பொருள் வேறு. விண்டோஸை அழித்து மறுபடி போட்டால் முதலாவதை மட்டும் நிறுவிவிட்டு, இரண்டாவதை மறந்துவிடுவோம். அப்போது வடிவமைக்கும் திரை அழகாக வரும், ரைட்டர் மட்டும் கண்ணில் படாது. இன்னொரு சிக்கலும் உண்டு. ஒவ்வொரு வகை வட்டின் சாயத்துக்கும் எவ்வளவு சூடு வேண்டும் என்ற விவரம் அந்த இரண்டாவது மென்பொருள் வழியாகத்தான் வரும். பழைய மென்பொருளுக்குப் புதிய நிற வட்டு அந்நியன். வெளியே வைக்கும் ரைட்டர் என்றால், யுஎஸ்பி ஒயரில் கரண்டு போதாமல் பாதியில் நிற்பதும் உண்டு. எழுத்து வெளிறி வந்தால் அதே பெயரை அதே வட்டில் இரண்டாம் முறை ஓட்டலாம். கோடு போட்ட வளையம் இருப்பதால் முதல் எழுத்தின் மேலேயே சரியாக உட்காரும்.

என் மாணவர் விஷயத்தில் இரண்டும் சேர்ந்திருந்தது. நடுவில் பிசுக்கும் இருந்தது, விண்டோஸை மாற்றியதில் அந்த இரண்டாவது மென்பொருளும் போயிருந்தது. அதைத் தேடுவதுதான் பெரும்பாடாகிவிட்டது. 2013 முடியும் வாக்கில் லைட்ஸ்கிரைபின் இணையதளமே மூடப்பட்டுவிட்டது. போனும் பென்டிரைவும் வந்தபின் வட்டு வாங்குவாரில்லை. உலகத்துக்கே வட்டு செய்து கொடுத்த நம் மோசர் பேர் 2018இல் கலைப்புக்குப் போனது. நல்லவேளை, ரைட்டர் வாங்கியபோது வந்த டிரைவர் சிடியை அவர் மனைவி பழைய ரசீதுகளோடு பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதைப் போட்டதும் ஒன்பதில் ஏழு வட்டுகளுக்குப் பெயர் திரும்ப வந்தது. இரண்டில் நடு வளையம் கீறல் விழுந்து, ரைட்டர் அவற்றை ஏற்கவே இல்லை.

மங்கியதற்குக் காரணம் வெளிச்சம். லேசர் சுட்ட சாயம் வெயிலுக்கு நிற்காது. அவர் வட்டுகளை ஜன்னல் ஓரம் ஸ்டாண்டில் அடுக்கியிருந்தார். இருட்டுப் பெட்டியில் வைத்திருந்தால் இவ்வளவு மங்கியிருக்காது. இரண்டாம் முறை எழுதியதும் நிரந்தரம் இல்லை. அதனால் அன்றே ஒன்பதையும் ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, அப்பா பேசிய பொருளையும் ஆண்டையும் கோப்பின் பெயராகப் போடச் சொன்னேன். பெயர் வராத அந்த இரண்டு வட்டையும் உட்கார்ந்து கேட்டோம். ஒன்று சாயப் பட்டறை பற்றியது. இன்னொன்றில் பாதிக்கு மேல் தறிச் சத்தம், நடுவே யாரோ ஒரு அம்மாவின் குரல். அது யார் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பக்கத்துத் தெருவில் எண்பது கடந்த ஒரு நெசவாளரிடம் போட்டுக்காட்டலாம் என்று இருக்கிறார்.

நம் பள்ளி ஆண்டு விழா வட்டுகள் உங்களில் பலர் வீட்டில் இருக்கும். இந்த ஞாயிறு பீரோவைத் திறந்து பாருங்கள். ஓடுகிறதா என்று பார்த்து உடனே கம்ப்யூட்டரில் ஏற்றிவிடுங்கள். வட்டில் எழுதவேண்டும் என்றால் நடுத்துளையை ஒட்டிக் கண்ணாடிபோல் இருக்கும் வளையத்தில், தண்ணீர் மை மார்க்கரால் ஒரு எண் மட்டும் போடுங்கள். லைட்ஸ்கிரைப் வட்டில் அந்தக் கோடுகளின் மேல் படாமல் போடவேண்டும். எண்ணுக்குரிய விவரம் ஒரு நோட்டில் இருக்கட்டும். 2006 ஆண்டு விழாவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் போட்ட நாடகம் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். என்னிடம் இருந்ததை யாரோ வாங்கிக்கொண்டு போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது!