நிரந்தரவாசம்: மலாயாத் தமிழர் உரிமைச் சீட்டு நாடிய வரலாறு

‘நிரந்தரம்’ என்பது வடசொல். அந்தரம் என்றால் இடைவெளி. இடைவெளி அற்றது நிரந்தரம். தமிழில் இடையறாமை எனலாம். அயல்நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒருவர் நிரந்தரவாசியாக விண்ணப்பிக்கும்போது அரசாங்கம் அவரைக் கேட்கும் முதல் வினாவும் இச்சொல்லின் பொருளை ஒட்டியதே. இங்கே எத்தனை ஆண்டு வாழ்ந்தீர்? இடையே எத்தனை ஆண்டு இல்லாதிருந்தீர்? மலாயாத் தமிழர் வரலாற்றில் ஒரு பெரும் பகுதியை இவ்விரு வினாக்களைக் கொண்டே விளக்கிவிடலாம். உழைப்பில் இடையறாதிருந்த மக்கள், ஏட்டுக் கணக்கில் இடையறவு உடையோராக எண்ணப்பட்டதே அப்பகுதியின் சாரம்.

சீட்டு வேண்டாத காலம்

தமிழகமும் மலாயாவும் ஆங்கிலேயர் ஆட்சியின்கீழ் இருந்த நாளில், நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழ்த் தொழிலாளி தங்கியிருப்பதற்கு உரிமை கேட்டு மனுச் செய்ய வேண்டியதில்லை. அவர் பிரிட்டிஷ் பிரஜை, அதுவே போதுமானதாயிருந்தது. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடியேற்ற நிதி அமைக்கப்பட்டு, தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த பணத்தால் பயணச் செலவு ஈடு செய்யப்பட்டது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிக்கப்பட்ட பின் கங்காணி முறையே வலுப்பெற்றது. ஆள் வேண்டுமென்றபோது அழைத்து வருதலும், வேண்டாதபோது திருப்பி அனுப்புதலும் அக்கால வழக்கம். 1933ஆம் ஆண்டின் அந்நியர் சட்டம் சீனர் வருகையைக் கட்டுப்படுத்தியதேயன்றி, பிரிட்டிஷ் பிரஜைகளான இந்தியரைத் தொடவில்லை.

இந்தத் தடையின்மை ஒரு நன்மைபோல் தோன்றினும், பின்னாளில் அதுவே இடையூறாய் முடிந்தது. எவரும் கேளாத சான்றை எவரும் சேர்த்து வைப்பதில்லை. கப்பல் சீட்டும், தோட்டத்தில் பெயர் பதிந்த செக்ரோலும், பிள்ளைகளின் பிறப்புப் பதிவும் ஒருநாள் வாழ்வைத் தீர்மானிக்கும் என்று பால்மரக் காட்டில் உழைத்தவர் எவ்வாறு அறிந்திருப்பர்?

1930இல் ரப்பர் விலை வீழ்ந்தது. அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட தென்னிந்தியத் தொழிலாளர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் பலர் மீண்டும் வந்தனர். பின்னர்க் கூலிக் குறைப்பினால் எழுந்த பூசலையொட்டி, உதவிப் பணம் பெற்று மலாயா செல்லும் தொழிலாளர் குடியேற்றத்தை இந்திய அரசாங்கம் 1938 ஜூன் மாதத்தில் தடை செய்தது. அது முதல் வரவு சுருங்கிற்று. இங்கேயே பிறந்தோர் தொகை பெருகிற்று. 1931இல் மலாயா இந்தியருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே இந்நாட்டிற் பிறந்தவர், 1947இல் பாதிப்பேர், 1957இல் ஐந்தில் மூன்று பங்கினர்க்கும் மேல். வந்து போகும் கூலிப்படை நிலையான குடியாக மாறியதை இக்கணக்குத் தெளிவாகக் காட்டும்.

பதினைந்து ஆண்டுக் கணக்கு

1948 பிப்ரவரி முதல் நாள் மலாயாக் கூட்டரசு தோன்றியது. அப்போதுதான் ‘கூட்டரசுப் பிரஜாவுரிமை’ என்பது விண்ணப்பித்துப் பெறும் பொருளாயிற்று. இந்நாட்டிற் பிறந்தவர் முந்திய 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகளும், வெளிநாட்டிற் பிறந்தவர் முந்திய 20 ஆண்டுகளில் 15 ஆண்டுகளும் இங்கு வாழ்ந்திருக்க வேண்டும். நன்னடத்தையும், இங்கேயே நிலைத்து வாழும் எண்ணமும், மலாய் அல்லது ஆங்கிலத்தில் போதிய அறிவும் வேண்டப்பட்டன.

இக்கணக்கைத் தோட்டத் தொழிலாளி ஒருவருக்குப் பொருத்திப் பார்த்தால் உண்மை விளங்கும். 1948இல் விண்ணப்பிப்பவர்க்கு 1928 முதல் கணக்கு ஓடும். இல்லாதிருந்த காலம் ஐந்தாண்டைக் கடத்தலாகாது. 1930இல் வேலையின்றி அனுப்பப்பட்டு 1934இல் மீண்டவர் தப்பினார். 1937இல் மீண்டவரோ தகுதியை இழந்தார். அவர் விரும்பிப் போனவரல்லர். ரப்பர் விலை அவரைப் போகச் செய்தது. எனினும் சட்டம் இடையறவை எண்ணிற்றேயன்றி, அதன் காரணத்தை எண்ணவில்லை.

மொழித் தகுதியும் ஒரு தடையாயிற்று. சந்தையில் மலாய் பேசி வாங்கி விற்கத் தெரிந்த பலர், அதிகாரிமுன் நின்று விடையிறுக்க அஞ்சினர். 1950இல் மலாயா இந்தியர் காங்கிரசின் தலைமையை ஏற்ற கே. இராமநாதன், இந்தியர் கூட்டரசுப் பிரஜாவுரிமை பெறவேண்டும் என்று வற்புறுத்தியதோடு, மொழித் தேர்வைத் தளர்த்துமாறும் வாதாடினார்.

மனத்தடையும் இல்லாமலில்லை. இந்திய அரசியலமைப்பின் 8ஆம் விதி, வெளிநாடு வாழ் இந்திய வமிசத்தார் தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடிகளாகலாம் என்றது. 9ஆம் விதி, தாமே விரும்பி அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றவர் இந்தியக் குடியாக இருத்தல் இயலாது என்றது. ஊரில் தாய் தந்தையும் காணி நிலமும் உடையவர் எந்தக் கதவைச் சாத்துவது என்று தயங்கினார். தயக்கத்தில் ஆண்டுகள் கழிந்தன.

பெயர் படுத்திய பாடு

சான்று தேடப் புகுந்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கு ஒரே முறை இல்லை. ழகரத்திற்கு உரிய எழுத்தே அங்கில்லை. வல்லின எழுத்து இடம் நோக்கி ஒலி மாறுவதும் அயலார்க்குப் புலப்படாது. தோட்டக் கிராணி காதிற் கேட்டபடி ஒருவிதமாகவும், பிறப்புப் பதிவாளர் வேறுவிதமாகவும், அடையாளக் கார்டு எழுதியவர் மற்றொரு விதமாகவும் எழுதினர். சண்முகம் ஒருவரே மூன்று பத்திரங்களில் மூன்று ஆளாயினார். தந்தை பெயரையே தம் பெயரின் பின் கொள்ளும் தமிழர் வழக்கு, குடும்பப் பெயரை எதிர்பார்த்த அலுவலகத்தில் குழப்பத்தை மேலும் வளர்த்தது. 1948இல் அவசரகாலம் பிறந்து, 12 வயதிற்கு மேற்பட்டோர் யாவர்க்கும் அடையாளக் கார்டு வழங்கப்பட்டபோது பதிந்த எழுத்தே பலர்க்கு வாழ்நாட் பெயராய் நிலைத்துவிட்டது.

மெர்டேக்காவும் ஓராண்டுத் தவணையும்

1952இல் குடியுரிமை விதிகள் சற்றுத் தளர்ந்தன. ஆனால் அதே காலத்தில் வாயில் குறுகியது. 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், முதன்முறையாக இந்தியரையும் கட்டுப்படுத்திற்று. தனித்திறன் உடையோர், இங்கு வாழ்வோரின் மனைவி மக்கள் போன்றோர்க்கே வழி திறந்திருந்தது. 1959இல் பல ஆண்டுகள் பிரிந்து வாழ்ந்த மனைவியர்க்கும் வயதேறிய பிள்ளைகளுக்கும் அவ்வழியும் ஒடுங்கிற்று. குடும்பத்தை ஊரில் விட்டு வந்தவர், அழைத்துக்கொள்வதைத் தள்ளிப்போட்டதன் விலையை அப்போது உணர்ந்தார்.

1957 ஆகஸ்டு 31இல் சுதந்திரம் வந்தது. அந்நாள் முதல் இம்மண்ணிற் பிறந்த குழந்தை பிறப்பினாலேயே குடியாயிற்று. முன்பே இங்குப் பிறந்து வாழ்ந்தோர், ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் மலாய்மொழித் தகுதி காட்டவேண்டியதில்லை. வெளிநாட்டிற் பிறந்து, 12 ஆண்டுகளில் 8 ஆண்டுகள் இங்கு வாழ்ந்தவருள் 45 வயது நிரம்பியோர்க்கும் அச்சலுகை உண்டு. அத்தவணையைப் பயன்படுத்தியோர் பலர். அறியாது விட்டோரும் பலர்.

சிங்கப்பூரிலும் 1957இல் தனிக் குடியுரிமைச் சட்டம் வந்தது. எட்டாண்டு வாழ்ந்த வெளிநாட்டார் விசுவாசப் பிரமாணம் செய்து பதிந்துகொள்ள இயன்றது. தமிழவேள் கோ. சாரங்கபாணி, தமிழர் தயங்காது குடியுரிமை பெறவேண்டும் என்று எழுதியும் பேசியும் இயக்கம் நடத்தினார். வாழும் நாட்டில் வாக்கு இல்லாதவனுக்கு அவன் மொழிக்கும் பள்ளிக்கும் வாதாட வாயில்லை என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

சிவப்பும் நீலமும்

மலாயாவில் குடிமக்கள் நீல அடையாளக் கார்டும், நிரந்தரவாசிகள் சிவப்புக் கார்டும் உடையோராயினர். சிவப்புக் கார்டு உடையவர் வாழலாம், உழைக்கலாம், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பலாம். வாக்களித்தல் மட்டும் இயலாது. எனவே ‘இதுவே போதும்’ என்று பலர் அமைந்துவிட்டனர்.

போதாது என்பதை 1969 காட்டிற்று. 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய பெர்மிட் பெறவேண்டும் என்றாயிற்று. முப்பது நாற்பது ஆண்டுகள் பால்வெட்டியவரும், தாம் வெட்டிய அதே மரத்தை வெட்டுவதற்குச் சீட்டுக் கேட்க நேர்ந்தது. பல்லாயிரவர் மூட்டை கட்டித் தமிழகம் திரும்பினர். அவருள் பலருடைய பிள்ளைகள் தமிழகத்தைக் கண்ணாற் கண்டவர் அல்லர்.

சிவப்புக் கார்டின் மற்றொரு பயன் வெளிப்படத் தெரியாதது. 1962 செப்டம்பருக்குப் பின் இங்குப் பிறந்த குழந்தை குடியாவதற்கு, பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதியாயிற்று. ஆகவே தந்தையின் சிவப்புக் கார்டு மகனின் நீலக் கார்டுக்கு வித்தாயிற்று. 1982 மார்ச் முதல் திருமணத்தைச் சட்டப்படி பதிவது கட்டாயமாயிற்று. கோயிலில் தாலி கட்டியதோடு அமைந்தவரின் பிள்ளை, தந்தையின் உரிமையைப் பெறாமல் தாயின் நிலையையே சார்ந்து நிற்கும். தாய்க்கும் பத்திரம் இல்லையெனில் பிள்ளை நாடற்றதாகும். இத்தகையோரைப் பதிவு செய்வதற்காகவே 2011இல் மைடஃப்தார் இயக்கம் நடைபெற்றது. 2024 அக்டோபரிலோ, மேற்கூறிய விதியிலிருந்து ‘நிரந்தரவாசி’ என்பதை நீக்கும் அரசியலமைப்புத் திருத்தத்தை மலேசிய மக்களவை நிறைவேற்றியது. அத்திருத்தத்தின்படி, தந்தையும் தாயும் சிவப்புக் கார்டோடு நின்றுவிட்டால் பிள்ளைக்கு அது துணைசெய்யாது.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. உரிமை உழைப்பினால் தானே வந்து சேர்வதில்லை. காலத்தில் கேட்டுப் பெறவேண்டும். கேட்பதற்குச் சான்று வேண்டும். அச்சான்று இல்லாமையை முதலில் காண்பவர் பெரும்பாலும் பள்ளி ஆசிரியரே. முதலாம் வகுப்பிற் சேரவரும் பிள்ளையின் பிறப்புப் பத்திரம் அவர் கைக்குத்தான் வருகிறது. அதில் தந்தை பெயர் விடுபட்டிருப்பினும், எழுத்துப் பிழைத்திருப்பினும், பத்திரமே இல்லாதிருப்பினும், பெற்றோரை அன்றே அழைத்து வழிகாட்டும் ஆசிரியர், பாடம் கற்பிப்பதினும் குறைவில்லாத தொண்டு செய்தவர் ஆவர். பன்னிரண்டாம் வயதில் அடையாளக் கார்டு எடுக்கும் நாள் வரை காத்திருந்தால், ஆறு ஆண்டுகள் வீணே கழிந்திருக்கும்.