அரண்மனைக் கொடையும் அரசாங்க உரிமையும்
கல்லூரி உதவித்தொகை வந்த வழி

நமது கல்விச் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், ஆண்டுதோறும் நம் இளைஞர்கள் கைக்கு வந்து சேரும் ஒரு தாளைப் பற்றி எழுதுவது பொருந்தும் எனக் கருதுகிறோம். கல்லூரியில் சேர்ந்த மாணவன் உதவித்தொகை கோரி அளிக்கும் விண்ணப்பமே அது. இன்று அது தாளாக இல்லாமல் கணினி வழியே செல்கிறது. ஆயினும் அதனை நிரப்பும்போது நம் பிள்ளைகள் சிலர் முகத்தில் ஒரு கூச்சம் படர்வதை நாம் கண்டதுண்டு. யாரோ மனமிரங்கி இடுவதைக் கையேந்திப் பெறுவதாக அவர்கள் எண்ணுகின்றனர். அத்தொகை எவ்வாறு வந்தது என்பதை அறியாமையே அக்கூச்சத்துக்குக் காரணம்.

சென்னை மாகாணத்தில் நம் மக்களின் கல்வி பற்றி அரசாங்கம் தனி ஆணை பிறப்பித்தது 1893-இல். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த டிரெமென்ஹீர் நம் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையும், பண்டிதர் அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன் போன்ற பெருமக்களின் இடையறாத முயற்சியும் அக்காலத்தைச் சேர்ந்தவை. அன்றைய போராட்டமெல்லாம் தொடக்கப் பள்ளிக்காகவே. பள்ளிக்கூடத்தின் வாசற்கதவே திறவாத காலத்தில் கல்லூரியைப் பற்றி யார் பேசியிருக்க முடியும்? 1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். 1920-க்குப் பின் தொழிலாளர் நலத்துறை பள்ளிகளையும் விடுதிகளையும் நடத்தியது, சட்டமன்றத்தில் எம்.சி. ராஜா நமக்காகக் குரல் கொடுத்தார். ஆனால் கல்லூரிப் படிப்புக்கு நாடு முழுமைக்குமான உதவித்திட்டம் ஒன்றும் அப்போது இல்லை. அதன் தோற்றத்தை அறிய நாம் பம்பாய்க்கும் பரோடாவுக்கும் செல்லவேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார். பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் அவர் படிக்கும் காலத்தில் பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். 1912-இல் அண்ணல் பி.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். குடும்பச் சுமை தோளில் விழுந்த அந்த நிலையில், மாணவர் சிலரை அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப மன்னர் எண்ணியிருக்கும் செய்தி அவருக்குக் கிட்டியது. 1913 ஜூன் 4 அன்று அவர் பரோடாவில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். உதவி மூன்றாண்டுகளுக்கு, மாதம் பதினொன்றரை பவுன். படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் பரோடா அரசில் ஊழியம் செய்யவேண்டும் என்பது நிபந்தனை.

மன்னரின் நன்மனத்தை நாம் குறைத்துரைக்கவில்லை. அக்காலத்தில் அவ்வளவு செய்தவர் மிகச் சிலரே. எனினும் தனி ஒருவரின் நன்மனத்தை நம்பி நிற்கும் உதவி எவ்வளவு தூரம் தாங்கும் என்பதையும் அவ்வரலாறே காட்டிவிட்டது. கொலம்பியாவில் முதுகலைப் பட்டம் பெற்று, இலண்டனில் மேற்படிப்பைத் தொடங்கியிருந்த அண்ணலின் உதவிக்காலம் முடிந்ததென்று 1917-இல் பரோடா திவான் திருப்பி அழைத்தார். படிப்பு பாதியில் நின்றது. ஒப்பந்தப்படி ஊழியம் செய்யப் பரோடா சென்றார். அந்த ஊரில் அவருக்குத் தங்க ஓர் இடம் கிடைக்கவில்லை. அலுவலகத்தில் ஏவலர்கள் கோப்புகளை எட்ட நின்று அவர் மேசைமீது எறிந்தனர். சாதியை மறைத்துப் பார்சி விடுதி ஒன்றில் தங்கினார். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேறச் செய்தது. அமெரிக்காவில் படிக்கப் பணம் அளித்த அரசால், தன் தலைநகரில் ஓர் அறை அளிக்க இயலவில்லை! 1920-இல் அவர் மீண்டும் இலண்டன் சென்றபோது, ஆசிரியப் பணியில் சேர்த்த பணமும், கோலாப்பூர் சாகு மகாராஜரின் உதவியும், பார்சி நண்பர் ஒருவர் கொடுத்த கடனுமே துணை நின்றன.

இந்தப் பாடத்தை அவர் மறக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம். 1942 ஜூலையில் அண்ணல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர்துறை உறுப்பினராகப் பதவியேற்றார். அதே ஆண்டு அக்டோபர் 29 அன்று, தாழ்த்தப்பட்ட மக்களின் குறைகளைத் தொகுத்து வைசிராய் லின்லித்கோவிடம் ஒரு மனு அளித்தார். நம் சமுதாயம் எழுதிய உதவித்தொகை விண்ணப்பங்களுள் தலைசிறந்தது அதுவே என்போம். 1913-இல் ஒரு மாணவர் தமக்காகக் கையெழுத்திட்டார். இருபத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் அவரே ஒரு மக்களினம் முழுமைக்காகவும் விண்ணப்பம் எழுதினார்.

அம்மனுவில் அண்ணல் கெஞ்சவில்லை, கணக்குக் கேட்டார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கும் அரசாங்கம் ஆண்டுதோறும் பணம் வழங்குகிறதே, தாழ்த்தப்பட்டோர் கல்விக்கு வழங்குவது என்ன என்று வினவினார். பல்கலைக்கழகங்களிலும் தொழில்நுட்பக் கழகங்களிலும் பயில்வோருக்கு ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாயும், வெளிநாட்டுப் படிப்புக்கு 1 இலட்சம் ரூபாயும் வேண்டுமென்றார். கலையும் சட்டமும் மட்டும் கற்றால் போதாது; செலவு மிக்க அறிவியல், தொழில்நுட்பக் கல்வியே நம்மவரை உயர்த்தும், அதற்கோ பெற்றோரிடம் பொருள் இல்லை என்பது அவர் வாதம். அவர் நாடியது அரசாங்கத்தின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு நிலையான இனம். அரசர் மாறினாலும் திவான் மாறினாலும் அவ்வினம் மாறாது.

1944-45-இல் ஆண்டுக்கு 3 இலட்சம் ரூபாய் ஒதுக்கீட்டுடன் தாழ்த்தப்பட்ட மாணவர்க்கான உதவித்திட்டம் பிறந்தது. ஊழியம் செய்யவேண்டும் என்ற பத்திரம் இதில் இல்லை. மெட்ரிக்குக்குப் பிந்திய படிப்பு உதவித்தொகை என்று இன்று நாம் வழங்குவது இதன் வளர்ச்சியே. பின்னர் பழங்குடி மாணவர்க்கும் அது விரிந்தது. நலிந்த பிரிவினரின் கல்வி நலனைத் தனிக்கவனத்துடன் பேணுவதை அரசின் கடமையாக அரசியல் சட்டத்தின் 46-ஆம் விதி வகுத்தது.

தில்லியில் பணம் ஒதுக்கப்பட்டதும் அது நம் குடிசைக்கு வந்துவிடவில்லை. குடும்ப வருமானத்துக்குச் சான்று வேண்டும். தமிழ்நாட்டில் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்படும் வரை, ஊர்க்கணக்கு கர்ணம், மணியக்காரர் கையில் இருந்தது. அவர்களோ பெரும்பாலும் நிலமுடைய சாதியினர். தன் தகப்பனுக்குக் கூலி நிர்ணயித்த வீட்டுத் திண்ணையின் கீழ் நின்று, தன் தகப்பன் ஏழைதான் என்று எழுதித் தரும்படி ஒரு மாணவன் கேட்கவேண்டியிருந்த ஊர்கள் பல. கதிர் அறுப்பு முடியட்டும் என்றால் கல்லூரியின் கடைசித் தேதி காத்திருக்குமா? நம் மூத்தோரில் சிலர் படிப்பை விட்டது மதிப்பெண் குறைந்ததால் அன்று. அந்த ஒரு கையெழுத்து வராததால்தான்.

அண்மைக் கால நிகழ்ச்சிகள் இரண்டைச் சொல்லவேண்டும். தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் நம் மாணவரின் கட்டணத்தை அரசே ஏற்கத் தமிழக அரசு 2012-இல் பிறப்பித்த 92-ஆம் எண் ஆணை, பொறியியற் கல்லூரிகளின் வாயிலை ஆயிரக்கணக்கானோர்க்குத் திறந்தது. மற்றொன்று, மத்திய அரசின் பங்கு பற்றியது. ஐந்தாண்டுத் திட்டம் ஒன்று முடியும்போது எட்டிய செலவை மாநிலமே தொடர்ந்து ஏற்கவேண்டும் என்ற பழைய முறையால் மாநிலங்களின் சுமை ஏறிக்கொண்டே போயிற்று. 2020 டிசம்பரில் அது மாற்றப்பட்டு, செலவில் 60 விழுக்காடு மத்திய அரசினுடையது, 40 மாநிலத்தினுடையது என்று முடிவாயிற்று.

ஆனால் 2021-இன் நெறிமுறைகளில், வீட்டிலிருந்து சென்று சாதாரணக் கலை அல்லது அறிவியல் பட்ட வகுப்பில் படிப்பவருக்குப் பராமரிப்புத் தொகை ஆண்டுக்கு 3,000 ரூபாய். மாதம் 250. நூறாண்டுக்கு முன் கெய்க்வாட் மன்னர் ஒரு மாணவருக்கு அளித்தது மாதம் 25. அரிசி விலையும் பேருந்துக் கட்டணமும் இந்த நூறாண்டில் பத்து மடங்கு மட்டுந்தானா ஏறின? பெற்றோர் வருமான வரம்பும் 2013-இல் வைத்த இரண்டரை இலட்சமாகவே அந்நெறிமுறைகளில் நின்றது. நம் சங்கங்கள் மனு எழுதவேண்டிய இடம் இங்கே இருக்கிறது.

இளைஞர்க்கு ஒரு செய்தி. முதலாண்டில் விண்ணப்பித்துவிட்டு இரண்டாமாண்டில் புதுப்பிக்க மறந்தவர்களும், வங்கிக் கணக்கை ஆதாருடன் இணைக்காததால் தொகை வந்து சேராதவர்களும் நம்மிடையே உண்டு. சாதிச் சான்று, வருமானச் சான்று, மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றைத் தேர்வு முடிவு வருமுன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றுக்குக் காலவரம்பு உண்டு, பழையதை நம்பியிராதீர்கள். எங்கேனும் தாமதமானால், எத்தேதியில் எந்த அலுவலகத்தில் கொடுத்தீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு, ஒப்புகைச் சீட்டுடன் சங்கத்துக்கு வாருங்கள்.